அக்காவுக்காக 54 மைல்!

சகோதரிகளே, ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் விளையாட்டு வீராங்கனை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றாலே 'வயித்து வலி டீச்சர்' என்று வகுப்பில் உட்கார்ந்துகொண்ட ரகம். கல்யாணமாகி, லண்டனுக்குக் குடிவந்து, ஒரு பெண்ணைப் பெற்று, அவளுக்கு இட்லி ஊட்டும்போது மீந்ததையெல்லாம் நானே சாப்பிட்டு, 46 வயதில் மாடிப்படி ஏறினால் மேலே போய் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்குகிற நிலைமை.

இப்படிப்பட்ட நான் 2023-ஆம் வருடம், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை 54 மைல் சைக்கிள் மிதித்தேன்! கிலோமீட்டரில் 87. எங்கள் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பித் திருச்சிக்குப் போய், திரும்பி வரும் வழியில் பாதிக்கு மேல் வந்துவிட்ட தூரம்.

போனில் இதைச் சொன்னபோது என் நாத்தனார் கேட்டது ஒரே வார்த்தை: "கனவுலயா?"

கனவு இல்லை. ஆனால் இது என் சாமர்த்தியக் கதையும் இல்லை. இது என் அக்காவின் கதை.

பிடித்தபடி வந்த கை

1991-ல் எனக்கு 14 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் பாடம். அதோடு, அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் இன்னொரு புதுமையும் சேர்ந்துகொண்டது. பெண்களுக்குச் சைக்கிள்!

இன்றைக்கு இதைக் கேட்டால், 'இதில் என்ன புதுமை?' என்று தோன்றும். அன்றைக்கு எங்கள் ஊரில் பெண் சைக்கிளில் ஏறினால் டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆனாலும் கல்குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் என்று கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். 'அதுதாம்மா சௌகரியம், முன்னாடி கம்பியில புள்ளையை உக்கார வச்சுக்கலாம்' என்பார்கள். அந்த இரண்டொரு வருடத்தில் லட்சம் பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் எங்களுடையது. அதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, உலகம் முழுவதும் படித்தார்கள்.

என் அக்காவுக்கு அப்போது 21 வயது. பத்தாவது வரை படித்தவள். அறிவொளித் தொண்டராகச் சேர்ந்து, தானும் சைக்கிள் பழகி, அடுத்ததாக என்னைப் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் சாயங்காலம் பாடம். நான் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறுவேன். "அக்கா, விட்றாதே! விட்றாதே!"

"பிடிச்சிருக்கேன்டி. நீ முன்னால பாத்து மிதி" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ஒருநாள் அந்தக் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா இருபது கஜம் பின்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்! பார்த்த மாத்திரத்தில் கருவேல முள்ளுக்குள் விழுந்தேன் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றோடு எனக்குச் சைக்கிள் வந்துவிட்டது.

அது அக்கா என்னிடம் சொன்ன முதல் பொய்.

இரண்டாவது பொய்யை 30 வருடம் கழித்துச் சொன்னாள். 2021 மே மாதம். காலையில் போன் பேசும்போது குரல் சோர்ந்திருந்தது. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லடி, வாயு. முதுகெல்லாம் புடிச்ச மாதிரி இருக்கு. தாடை வலிக்குது, பல்லுதான் போல. ஓமத் தண்ணி குடிச்சிருக்கேன்" என்றாள். வேர்க்கிறது என்றும் சொன்னாள். மே மாதம் புதுக்கோட்டையில் வேர்க்காமல் இருக்குமா என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அத்தனை வலியோடும் அன்று எல்லோருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறாள். பாத்திரம் தேய்த்திருக்கிறாள். அத்தான் கேட்டதற்கும் அதே பதில்: "ஒண்ணுமில்ல." மாலையில் தலை சுற்றி விழுந்தபிறகுதான் வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. வயது 51.

கொரோனாக் கட்டுப்பாடுகளால் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அக்காவைக் கடைசியாக நான் பார்த்தது கைப்பேசியில், யாரோ நடுங்கும் கையில் பிடித்த படத்தில்.

அது என்ன சவாரி?

ஒரு வருடம் கழித்து என் மகள் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "அம்மா, இது ஹார்ட்டுக்காக ஓட்டுறது. பெரியம்மாவுக்காக நீ போயேன்" என்றாள்.

லண்டன்–பிரைட்டன் சைக்கிள் சவாரி 1976-ல் சில டஜன் பேரோடு சின்னதாக ஆரம்பித்தது. 1980-லிருந்து 'பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்' என்ற இதய நல அறக்கட்டளைக்காக நிதி திரட்டும் சவாரியாக வளர்ந்தது. இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொள்ளும் திருவிழா! தென் லண்டனில் கிளாப்பம் காமன் என்ற பெரிய மைதானத்தில் கிளம்பி, கிராமங்கள் வழியாகத் தெற்கே போய், பிரைட்டனில் மெடீரா டிரைவ் என்ற கடற்கரைச் சாலையில் முடியும்.

இது பந்தயம் இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. விலை உயர்ந்த சைக்கிளில் பறக்கிறவர்களும் உண்டு. கூடை வைத்த பழைய சைக்கிளில் அசைந்து அசைந்து வரும் பாட்டிமார்களும் உண்டு. ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டிக் கொடுக்கிறார்கள்.

நன்கொடை கேட்கப் போனபோதுதான் வேடிக்கை. எங்கள் குடும்ப நண்பர், மாமா என்றே கூப்பிடுவோம், கோயிலில் என்னை மடக்கினார். "ஏம்மா, நீ சைக்கிள் ஓட்டறதுக்கு நான் எதுக்குப் பணம் தரணும்? தர்மம் பண்ணணும்னா நேரா பண்ணிட்டுப் போறேன்."

நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் ஊரில் ஒருவர் காவடி எடுத்தால், பாதயாத்திரை போனால், தெருவே மோர்ப் பந்தல் போடுகிறது. நடப்பவருக்கு அதனால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒருத்தர் உடம்பை வருத்திக்கொள்ளும்போது மற்றவர் கை தானாகப் பைக்குள் போகிறது. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடுத்த வாரம் மாமாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு 50 பவுன் எழுதினார்!

கடைசியில் எனக்குச் சேர்ந்தது 612 பவுன். இந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வருமான வரி கட்டுகிறவர் ஒரு பவுன் தர்மம் கொடுத்து, படிவத்தில் சம்மதமும் தெரிவித்தால், அரசாங்கம் அதோடு 25 பென்ஸ் சேர்த்து அறக்கட்டளைக்குக் கொடுக்கும். 'கிஃப்ட் எய்ட்' என்று பெயர். எனக்குக் கிடைத்ததில் 480 பவுன் அப்படிப்பட்டவர்கள் கொடுத்தது. அதற்கு 120 பவுன் கூடுதல். ஆக மொத்தம் 732!

அந்தப் பணம் எங்கே போகிறது?

'கொடுத்தது எங்கே போயிற்று?' என்று கேட்பது நம் உரிமை. நானும் கேட்டேன்.

இந்த அறக்கட்டளையை 1961-ல் டாக்டர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம் தருவதுதான் இதன் முக்கியமான வேலை. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நம் வீடுகளில் பலர் சாப்பிடுகிறோம். அது யாருக்குப் பயன்படும் என்று கண்டறிய ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் 20,536 பேரை வைத்துப் பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். முடிவு 2002-ல் வெளியானது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்த அறக்கட்டளையும் ஒன்று. அந்த ஆராய்ச்சியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் காப்பதில் இந்த மாத்திரை ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் உதவுகிறது என்று அதில் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இதய நோய் என்றாலே தொப்பை விழுந்த ஆண்பிள்ளை மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிற காட்சிதான் நம் மனதில். வீட்டுக்காரருக்கு எண்ணெயைக் குறைக்கிறோம், உப்பைக் குறைக்கிறோம். நமக்கு?

பன்னிரண்டு வாரப் பாடம்

முதலில் டாக்டரைப் பார்த்தேன். 40 வயதைத் தாண்டிய, உடம்பை அதிகம் அசைக்காத யாரும் இப்படி ஒன்றில் இறங்குமுன் செய்ய வேண்டியது இதுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். கொழுப்பு கொஞ்சம் கூடுதல். இடுப்பை டேப் வைத்து அளந்தார்கள். நம் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லதாம். என்னுடையது எவ்வளவு என்று கேட்காதீர்கள்!

"மெதுவா ஆரம்பியுங்க, நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா உடனே நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினோம். 25 வருடம் கழித்து ஏறினேன். சந்தில் நான்கு வீடு தாண்டுவதற்குள் தொடை நடுங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆம்புலன்சுக்குச் சொல்லி வைக்கட்டுமா?" என்றார். அன்று ராத்திரி அவருக்கு வெறும் ரசம்தான்.

என் திட்டம் இதுதான். உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்:

செவ்வாய், வியாழன் – அரை மணி நேரம். ஞாயிறு – நீண்ட சவாரி. முதல் ஞாயிறு 6 மைல். பிறகு 10, 15, 20 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்தாவது வாரம் 40 மைல். கடைசி இரண்டு வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு. சரியான வேகமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே முடியவில்லை என்றால் அதிகம். பாட்டே பாடலாம் என்றால் இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்.

சீட்டின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். என் சீட்டு ரொம்பத் தாழ்வாக இருந்ததால் முதல் மூன்று வாரம் முழங்கால் வலி. ஒரு அங்குலம் உயர்த்தியதும் வலி போன இடம் தெரியவில்லை!

உட்காரும் இடத்தில் வலி, புண்... சொல்லக் கூச்சம்தான், ஆனால் யாராவது சொல்ல வேண்டுமே! அதற்கென்று பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை விற்கிறது. அதைப் போட்டு, மேலே தொளதொள குர்த்தா போட்டுக்கொண்டால் பார்ப்பவருக்கும் உறுத்தாது, நமக்கும் உறுத்தாது. உராயும் இடத்தில் கொஞ்சம் வாசலின்.

சாப்பாடு: பசிக்குமுன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம். கடைகளில் விற்கும் வண்ண வண்ணப் பானங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், இரண்டு பொடி தடவிய இட்லி. நம் கட்டுச்சோற்றுக்கு ஈடாக இவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை! (சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பாட்டையும் மருந்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும்.)

அந்த ஞாயிறு

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குளித்து, சாமி கும்பிட்டு, கிளாப்பம் காமன் போய்ச் சேர்ந்தால்... அடேயப்பா! கண்ணுக்கெட்டிய தூரம் ஹெல்மெட்டுகள். மாரியம்மன் கோயில் பூச்சொரிதல் கூட்டம் போல. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் நெரிசலாகும் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் குறித்துத் தந்திருந்தார்கள். கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள்.

பலர் முதுகில் யாருக்காக ஓட்டுகிறோம் என்று எழுதி மாட்டியிருந்தார்கள். 'அப்பாவுக்காக.' 'என் மனைவிக்காக.' ஒரு சின்னப் பையனின் போட்டோவோடு ஒரு தம்பதி. அதைப் பார்த்தபிறகு யாரிடமும் 'எதற்காக ஓட்டுகிறீர்கள்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

என் முதுகில் என் மகள் தன் கையால், கொஞ்சம் கோணலான தமிழில் எழுதித் தந்தது ஒரே வார்த்தை: 'அக்கா'.

முதல் 20 மைல் சுகமாகப் போனது. வழியெல்லாம் ஜனங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்கள். கிராமத்து மாதா கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் டீ, கேக் விற்று, அந்தக் காசைத் தங்கள் ஊர்க் காரியத்துக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள் சட்டைத் தொண்டர்கள் ஒவ்வொரு முனையிலும் வழி காட்டினார்கள்.

பாதி வழியில் டர்னர்ஸ் ஹில் என்ற ஊர். பெயரிலேயே குன்று இருக்கிறதே, கவனித்திருக்க வேண்டாமோ? மேடு ஏறும் அவசரத்தில் கியரைத் தாறுமாறாக மாற்ற, 'கடக்' என்று செயின் கழன்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி, கையெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டு போராடினேன். வரவில்லை. அழுகை மட்டும் வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, 'காரை எடுத்துக்கிட்டு வாங்க' என்று சொல்லிவிடலாமா என்று கைப்பேசியைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் சைக்கிளை நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் இருந்த சின்னச் சக்கரத்தை ஒரு விரலால் முன்னால் தள்ளிச் செயினைத் தளர்த்தி, பல்லில் மாட்டி, பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான்! "மேடு வருமுன்பே கியரைக் குறைத்துவிடு, பெண்ணே. மேட்டில் நின்றுகொண்டு குறைக்காதே" என்றார். பிறகு என் முதுகில் இருந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

சொன்னேன். அவர் திரும்பித் தன் முதுகைக் காட்டினார். ஒரு ஆணின் பெயர். அதன்கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும். கணவராகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் கிரீஸ் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு கிளம்பினோம்.

டிச்லிங் மேடு

இந்தச் சவாரியில் எல்லோரும் பயந்து பயந்து பேசுவது டிச்லிங் பீக்கன் என்ற மேட்டைப் பற்றித்தான். 814 அடி உயரம். கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில் இதைவிட உயர்ந்த இடம் கிடையாது. எதிரிகள் கடல் வழியாக வந்தால் எச்சரிக்க அந்தக் காலத்தில் உச்சியில் தீ மூட்டுவார்களாம். 'பீக்கன்' என்ற பெயர் அதனால் வந்தது. கொடுமை என்னவென்றால், இந்த மேடு ஆரம்பத்தில் இல்லை. 45 மைலுக்கு மேல் மிதித்துக் களைத்து வந்தபிறகு, கடலுக்கு முன்னால் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது! மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் குறுகலான ரோடு. ஏற்றம் சுமார் ஒரு மைல்.

'இறங்கவே மாட்டேன் அக்கா' என்று மனசுக்குள் சபதம் எடுத்திருந்தேன். முதல் வளைவு ஏறினேன். இரண்டாவது வளைவில் தொடை தீயாக எரிந்தது. மூன்றாவதில் சைக்கிள் நின்றேவிட்டது. இறங்கினேன்.

என்னைச் சுற்றிப் பாதிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. சபதம் போயிற்றே! தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன்.

திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல். தமிழில்!

"அக்கா! விடாதேங்கோ! இன்னும் கொஞ்சத் தூரம்தான்!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு இளைஞன், பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மூச்சிரைக்க மிதித்து வந்துகொண்டிருந்தான். என் முதுகில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறான். அது யாருக்காக எழுதியது என்று அவனுக்குத் தெரியாது. என்னைத்தான் கூப்பிட்டான். பக்கத்தில் வந்ததும் வலது கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டுவிட்டு மேலே போய்விட்டான். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

'விட்றாதே, அக்கா' என்று நான் 14 வயதில் கண்மாய்க் கரையில் அலறியது நினைவுக்கு வந்தது. நடுரோட்டில் நின்று, கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன். பிறகு கொஞ்சம் மட்டமான இடம் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். கடைசி வளைவைச் சைக்கிளிலேயே ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன்: மேட்டில் பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன்.

உச்சியில் நின்றால் தூரத்தில் கடல்! அதன்பிறகு இறக்கம்தான். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி இறங்கினால் பிரைட்டன் நகரம். மெடீரா டிரைவில் இரண்டு பக்கமும் ஜனங்கள் கை தட்ட, என் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அவள் அப்பா எங்கோ பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். 'அடுத்த வருஷம் நானும் வர்றேன்' என்று அவர் சொன்னது, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதற்குச் சமம்!

எட்டரை மணி நேரம் ஆகியிருந்தது. என் பெயரைப் பார்த்து ஒரு மெடலைக் கழுத்தில் போட்டார்கள். பிரைட்டன் கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். அதில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து மீதி இட்லியைச் சாப்பிட்டேன்.

நான் சொல்ல வந்தது

சகோதரிகளே, உங்கள் எல்லோரையும் 54 மைல் மிதிக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. சைக்கிள் இல்லையென்றால் வேகமாக நடக்கலாம். 'வீட்டு வேலையே தலைக்கு மேல இருக்கு' என்பீர்கள். தெரியும். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அக்காவும் அதைத்தான் சொன்னாள்.

ஆனால் இதை மட்டும் வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டி வையுங்கள்:

• மாரடைப்பில் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில் அழுத்தமோ வலியோ இறுக்கமோ வரும். ஆனால் தாடை, கழுத்து, முதுகு, தோள், கை, மேல்வயிறு ஆகிய இடங்களில் மட்டும் வலி வருவதும் உண்டு.

• காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல், என்றுமில்லாத அசதி – இவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

• மாதவிலக்கு நின்றபிறகு பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால் இன்னும் கவனம்.

• ஓமத் தண்ணீர், சோடா, தைலம் என்று நேரம் கடத்தாதீர்கள். நம் நாட்டில் 108, இங்கிலாந்தில் 999. அடைத்த ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ, அவ்வளவு இதயம் பிழைக்கும். வாயுவாகவே இருந்தால் திரும்பி வந்துவிடலாம், நஷ்டமில்லை.

• ஒருவர் மயங்கி விழுந்து, கூப்பிட்டும் அசைவில்லாமல், சரியாக மூச்சும் விடாமல் இருந்தால், உதவிக்கு ஆளை அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தி அழுத்தி விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

அக்காவின் மகளிடம் மெடலைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சித்தி, அம்மா சைக்கிள் இன்னும் கொட்டகையிலதான் கிடக்கு. டியூப் மாத்தினா ஓடும்னு கடைக்காரர் சொன்னாரு. மாத்தச் சொல்லவா?"

"மாத்தச் சொல்லு" என்றேன். "அதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷரும் சர்க்கரையும் பாத்துட்டு வா. எவ்வளவுன்னு எனக்கு எழுதி அனுப்பு. 'ஒண்ணுமில்ல சித்தி'ன்னு மட்டும் சொன்னா, நான் நம்ப மாட்டேன்."